கண் பார்த்தால் கை செய்யுமா? வெல்டர் பிரிவுப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு நடத்தும் பயிற்றுநர்களுக்கும், அவர்களுக்கு ராடும் தகடும் கண்ணாடியும் வாங்கித் தர வேண்டிய நிலைய முதல்வர்களுக்கும், வணக்கம்.

எட்டாம் வகுப்பு தேறியவர் சேரக்கூடிய ஓராண்டுப் பயிற்சி உங்களுடையது. அந்த ஓராண்டின் தொடக்கத்தில் எல்லா நிலையத்திலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான். பெஞ்சில் 10 மி.மீ. தகடு ஒன்று. பயிற்றுநர் கையில், ராடு என்னும் மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பியைக் கவ்விய ஹோல்டர். சுற்றிலும் இருபது பேர். "நான் ஒரு பீடு போட்டுக் காட்டுறேன், பாத்துட்டு நீங்க போடுங்க." பீடு என்பது ராடு உருகித் தகட்டில் விழும் உலோகக் கோடு. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

பார்த்துக் கற்பதில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. கொத்து வேலையும் தச்சும் தறியும் தலைமுறை தாண்டி வந்தது அப்படித்தான். கைராசியான பிள்ளையை "கண் பார்த்ததைக் கை செய்யும்" என்று சொல்வோம். ஆனால் வெல்டிங்கில் கண் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவே முடியாது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கண் கெடும். கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தாலும், எங்கே பார்ப்பது என்று தெரியாதவருக்கு இருட்டில் எரியும் ஒரு பொட்டு மட்டுமே தெரியும். அதனால் பழகுநர் தனக்குத் தெரிவதைப் பார்த்துவைக்கிறார்: நீங்கள் உட்காரும் விதம், முழங்கையை வைக்கும் இடம், ராடைத் தட்டும் தட்டு. பிறகு அதையெல்லாம் பிசகாமல் செய்துவிட்டு, பீடு மட்டும் ஏன் வரவில்லை என்று முழிக்கிறார்.

முதலில், பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல் போகும் பெரிய விஷயம் ஒன்று. 3.15 மி.மீ. ராடு, 350 மி.மீ. நீளம், 6013 வகை என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. துண்டு மிச்சம் விட்டால் எரிவது 300 மி.மீ. அதில் ஏறத்தாழ 200 மி.மீ. நீளத்துக்குப் பீடு விழுகிறது. கணக்கைப் பாருங்கள். கை முன்னே போவது 200 மி.மீ.; கீழே இறங்குவது ஏறத்தாழ 300 மி.மீ. முன்னே போவதைவிட இறங்குவதுதான் அதிகம். ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள், "சார் கையை இடமிருந்து வலமா இழுத்தாரு" என்பார். இறக்கியதை ஒருவரும் சொல்ல மாட்டார். காரணம் எளிது. ராடின் நுனிக்கும் தகடுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி மாறாமல் நிற்கிறது. மாறாத ஒன்று கண்ணில் படாது. அதை மாறாமல் நிறுத்துவதற்காகத்தான் உங்கள் கை இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது, அந்த இறக்கம் கைக்கு ஊறிப்போன உங்களுக்கே மறந்திருக்கும்.

இதன் விளைவு முதல் வாரப் பீடுகளில் எழுதியிருக்கிறது. தொடங்கிய இடத்தில் ஒரு குமிழ். பிறகு ஒரு விரற்கடை நல்ல பீடு. பிறகு கை நேராகவே போவதால் இடைவெளி நீண்டு, பீடு அகன்று தட்டையாகி, சுற்றிலும் தெறிப்பு. பிறகு ஆர்க், அதாவது நுனிக்கும் தகடுக்கும் நடுவே எரியும் மின்பொறி, அணைகிறது. "கை நடுங்குது, போகப் போகச் சரியாகிடும்" என்று நாம் தேற்றுகிறோம். நடுக்கம் ஒரு சின்னப் பங்குதான். அவருக்கு இறக்கம் என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

இதைப் பழக்க மின்சாரம் வேண்டாம். இரண்டு பட்டைத் தகடுகளை, நீளம் 250 மி.மீ. போதும், நடுவில் 7 அல்லது 8 மி.மீ. சந்து விட்டு, இரண்டு தாங்கிகளின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அடியில் 350 மி.மீ. காலியிடம் இருக்க வேண்டும். 3.15 ராடு மேல்பூச்சோடு சேர்ந்து 5 மி.மீ. சொச்சம் வரும், அந்தச் சந்தில் தாராளமாக இறங்கும். சந்தின் ஓரத்தில் 20 மி.மீ.க்கு ஒரு கோடாகப் பத்துக் கோடுகள். ராடில், நுனியிலிருந்து 30 மி.மீ.க்கு ஒரு சாக்பீஸ் வளையமாகப் பத்து வளையங்கள். ஈரம் பட்டு வீணான ராடு இதற்குப் போதும், நல்ல ராடைக் கெடுக்காதீர்கள். பழகுநர் ஹோல்டரில் ராடைப் பிடித்து, நுனியைச் சந்தின் மட்டத்தில் வைத்துத் தொடங்குகிறார். ஒரு கோடு முன்னே நகரும்போது ஒரு வளையம் சந்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு ஆறு வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணுகிறார். பத்துக் கோடு முடிய ஒரு நிமிடம்; உண்மையான ராடு எரிந்து முடியவும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும்.

அட்டையில் 75 பாகையில் வெட்டிய முக்கோணம் ஒன்றையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். வெல்டிங் கோட்டோடு ராடு வைக்கும் சாய்வு 70 முதல் 80 பாகை; இரு பக்கமும் பார்த்தால் செங்குத்து. கை இறங்க இறங்க மணிக்கட்டு மடங்கி அந்தச் சாய்வு படுத்துவிடும். சந்துப் பெஞ்சில் அது பளிச்சென்று தெரியும். ஆர்க் எரியும்போது தெரியாது. பெரிய நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களில் கணினித் திரையில் வெல்டிங் பழகும் கருவிகள் வந்திருக்கின்றன, நல்லவைதான். அவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு ஸ்கிராப்பில் கிடக்கும் இரண்டு பட்டை போதும்.

அடுத்து, எங்கே நின்று பார்ப்பது. உங்களுக்கு எதிரே நிற்பவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். நீங்கள் இடமிருந்து வலம் போனால் அவருக்கு வலமிருந்து இடம். மனத்தில் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வதிலேயே பாதிக் கவனம் போய்விடும். வலக்கைக்காரர் வெல்டிங் செய்யும்போது நல்ல இடம் அவருடைய இடது தோளுக்குப் பின்னால். வலப்பக்கம் ஹோல்டரும் கையும் மறைக்கும்; இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் உருகிய உலோகக் குளமும் அதன் பின்முனையான வாலும் திறந்து தெரியும். அந்த இடத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே இருபது பேர் என்றால் ஏழு தடவை. ஒரு தடவைக்கு இரண்டு ராடு என்றால் பதினான்கு ராடு. இது செலவுதான், மறுக்கவில்லை. இருபது பேரைச் சுற்றி நிறுத்தி ஒரே ராடில் முடித்துவிட்டு, பிறகு இருபது பேரும் ஆளுக்கு ஐந்து ராடைத் தகட்டில் ஒட்ட வைத்து வீணாக்குவதும் செலவுதான்.

இடக்கைக்காரப் பழகுநர் இருந்தால் அவரை மட்டும் எதிரே நிறுத்துங்கள். மற்றவர்களுக்குக் குழப்பமான அந்தக் கண்ணாடிப் பிம்பம் அவருக்கு அப்படியே பொருந்தும். அவரை வலக்கைக்கு மாற்றப் பார்க்காதீர்கள்; குழாய் வெல்டிங்கில் எட்டாத மூலைக்கு இடக்கை தேவைப்படும்போது அவரைத்தான் தேடுவார்கள்.

மூன்று பேர் கையிலும் முகத்தை மறைக்கும் ஷீல்டு இருக்க வேண்டும், 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடியோடு. ஒரே ஷீல்டை மூவர் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒருவர் எப்போதும் வெறுங்கண்ணோடு நிற்பார். முதல்வர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் பொருள் இதுதான்: ஆளுக்கொரு ஷீல்டு. கீறல் விழுந்து, தெறிப்பு ஒட்டி மங்கிய முன்கண்ணாடியை மாற்றவும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். மங்கிய கண்ணாடி வழியாகக் குளம் தெரியாது. தெரியாததைப் பார்த்துக் கற்கச் சொல்வது நியாயமில்லை.

இனி, எதைப் பார்ப்பது. ராடைப் பற்ற வைப்பதற்கு முன்பே கேள்வியைச் சொல்லிவிடுங்கள். ஒரு ராடுக்கு ஒரு கேள்வி. முதல் ராடு: "நுனிக்கும் தகடுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, ராடின் கம்பித் தடிமனைவிட அதிகமா குறைவா?" இரண்டாவது: "குளத்தோட வால் வட்டமா இருக்கா, கூரா இருக்கா?" வால் வட்டமாக, முட்டை வடிவில் இருந்தால் வேகம் சரி. கூர்மையாக நீண்டால் வேகம் அதிகம். குளம் அகன்று மேடு கட்டினால் வேகம் குறைவு. மூன்றாவது: "ஸ்லாக் பின்னால் வருதா, குளத்தை முந்தப் பார்க்குதா?" உருகிய உலோகம் கண்ணாடி போல வழவழப்பாகவும், மேல்பூச்சு உருகி வரும் கசடான ஸ்லாக் அதன்மேல் சுழன்று நகரும் ஆடை போலவும் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாள்தான் ஒருவர் வெல்டர் ஆகத் தொடங்கும் நாள். முந்தும் ஸ்லாக் உள்ளே மாட்டிக்கொண்டால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பீடு செல்லாது. நான்காவது: "கடைசில குழியை எப்படி மூடினேன்?" நிறுத்தும் இடத்தில் கையைச் சட்டென்று தூக்காமல், ஒரு நொடி நின்று, சற்றுப் பின்னே வந்து குழியை நிரப்பிவிட்டு எடுப்பதை, சொல்லிக் காட்டாவிட்டால் பத்தில் ஒருவர்கூடக் கவனிக்க மாட்டார்.

எரியும்போது பேசாதீர்கள். ஷீல்டுக்குள்ளிருந்து பேசுவது பாதி காதில் விழாது, விழுந்தாலும் கண்ணும் காதும் ஒன்றையொன்று இழுக்கும். எரிந்து முடித்து, ஸ்லாக்கைத் தட்டிவிட்டு, பீடைக் காட்டிக் கேளுங்கள். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னால் அதே கேள்விக்கு இன்னொரு ராடு.

காதுக்கும் ஒரு பாடம் உண்டு; இதற்கு இருபது பேரும் ஒன்றாக நிற்கலாம். ஆர்க் ஸ்கிரீனுக்குப் பின்னால் எல்லாரையும் திருப்பி நிறுத்துங்கள், யாரும் பார்க்க வேண்டாம். 110 ஆம்பியரில் சரியான இடைவெளியில் ஓட்டுங்கள். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகப் படபடவென்று கேட்கும். அப்படியே இடைவெளியைக் கூட்டுங்கள். பொரியல் போய், காற்றடிக்கிற மாதிரி 'புஸ்' என்று விட்டு விட்டு வரும். இடைவெளியைக் குறையுங்கள். சத்தம் அமுங்கித் திக்கும், பிறகு ராடு ஒட்டிக்கொண்டு மெஷின் உறுமும். மூன்றையும் கலைத்துப் போட்டு ஓட்டி, கை தூக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு பழகுநர் தன் பெஞ்சில் தனியாக இருக்கும்போதும் அவர் காதே அவரைத் திருத்தும். கை எப்படி இருந்தது என்று பார்க்க அவருக்கு ஆர்க் எரியும்போது வழியில்லை, சத்தம் ஒன்றுதான் உடனுக்குடன் கிடைக்கும் சேதி.

செய்து காட்டும் வரிசைக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆள் பழக்க வேண்டியிருந்தபோது சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படிகளாகப் பிரித்தார்: ஆயத்தம், செய்து காட்டல், செய்யச் சொல்லல், சோதித்தல். இரண்டாம் உலகப் போரில் அதே நாட்டுத் தொழிற்சாலைகளில் அது பெரிய அளவில் பரவி, போருக்குப் பின் ஜப்பானுக்கும் போனது. பிற்பாடு பிரிட்டனில் ராட்னி பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் மருத்துவப் பயிற்சிக்காக வேறொரு நான்கு படி முறையைக் கொண்டுவந்தார். முதலில் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டு. அடுத்து, ஒவ்வொரு அடியையும் விளக்கிக்கொண்டு மெதுவாகச் செய். மூன்றாவதாக, பழகுநர் வாயால் சொல்ல, நீ செய். நான்காவதாகத்தான் அவர் கையில் கொடு.

அந்த மூன்றாவது படியை நம் பட்டறைகளில் ஒருவரும் செய்வதில்லை. எங்கள் கணிப்பில் நான்கிலும் மதிப்பு மிக்கது அதுதான். இப்படி நடத்திப் பாருங்கள். ஹோல்டர் உங்கள் கையில், மெஷின் ஓடுகிறது, பழகுநர் முதலாளி. அவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள், சொல்லாததை உங்கள் அனுபவத்தால் நிரப்பாதீர்கள். "ராடைத் தகட்டுல வைங்க சார்" என்றால் வையுங்கள். ஒட்டிக்கொள்ளும். "தீக்குச்சி மாதிரி உரசணும்" என்று அவருக்கு அப்போது நினைவு வரும். "எடுங்க" என்றால் எங்கே, எவ்வளவு என்று கேட்காமல் தூக்குங்கள். அணைந்துவிடும். "மூணு மில்லி மட்டும்" என்பார். "நகருங்க" என்றால் இறக்காமல் நகருங்கள். கொஞ்ச தூரத்திலேயே ஆர்க் அணையும்போது, பின்னால் நிற்கிற மூன்று பேருக்கும் இறக்கம் என்ற சொல் ஒரே நேரத்தில் வாயில் வரும். யாருக்கு எது புரியவில்லை என்று இந்த ஐந்து நிமிடத்தில் தெரிவது, பதிவேட்டில் ஒரு மாத மதிப்பெண்ணைப் பார்த்தாலும் தெரியாது.

ஒட்டிய ராடை எடுப்பதையும் அதிலேயே காட்டிவிடலாம். ஷீல்டை முகத்திலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் ஒரு திருகு. வராவிட்டால் ஹோல்டரின் பிடியைத் தளர்த்திக் கழற்று, அல்லது மெஷினை நிறுத்து. தகட்டோடு சேர்த்து ஆட்டுவது கூடாது. ராடு செக்கச்செவேலென்று ஆன பின் அதை வெறுங்கையால் தொடுகிற ஆள் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இருப்பார்.

வீடியோ பற்றியும் ஒரு வார்த்தை. பழகுநர்கள் இரவெல்லாம் கைப்பேசியில் வெல்டிங் ரீல்ஸ் பார்க்கிறார்கள். டிக் வெல்டிங் என்ற வேறொரு முறையில் போட்ட, அடுக்கி வைத்த நாணயம் போன்ற பீடுகள், பின்னணியில் பாட்டு. 2018இல் கார்டஸ், ஓ'பிரையன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகள் இதற்குப் பொருந்தும். மேஜைமேல் தட்டுகள் இருக்க விரிப்பை மட்டும் உருவுவது, அம்பு எறிவது போன்ற வித்தைகளை ஒருசாராருக்கு ஒரே முறையும் மற்றவர்களுக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தங்களால் முடியும் என்ற நம்பிக்கை ஏறியது. செய்ய விட்டபோது திறமை ஏறவில்லை. வித்தைப் பொருளை வெறுமனே கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்ததும் அந்த நம்பிக்கையும் இறங்கியது. நீங்கள் காட்டும் செயல்விளக்கத்துக்கும் இதே கதிதான். ஆகவே பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவே நாள் கணக்கு விடாதீர்கள். ஒரு ராடு பார்த்தால், அடுத்த பத்து நிமிடத்துக்குள் சந்துப் பெஞ்சிலாவது ஹோல்டரைப் பிடித்திருக்க வேண்டும்.

வீடியோவை நீங்களே எடுத்தால் பலன் உண்டு. கைப்பேசியின் லென்சுக்கு முன் 10 எண் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டுங்கள்; கண்ணாடி இல்லாமல் ஆர்க்கைப் படம் பிடித்தால் கேமரா கெடலாம். ஆர்க் பற்றியதும் திரையில் குளத்தின்மேல் விரலை வைத்து அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் கூடிக் குறைந்து ஒன்றும் தெரியாது. ஸ்டாண்டில் வைத்து, இடது தோள் பக்கமிருந்து, குளம் மட்டும் திரை நிறைய. உங்கள் பீடு ஒன்று. அதைவிட முக்கியமாக, பழகுநரின் பீடு ஒன்று. நன்றாகச் செய்பவரை மட்டும் பார்ப்பதைவிட, தப்பு செய்து திருத்திக்கொள்பவரையும் சேர்த்துப் பார்ப்பது கைத்திறன் கற்க உதவும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல பீடு, பார்க்க எளிதாக இருக்கும். எங்கே கஷ்டம் என்று அது சொல்வதில்லை.

அதே காரணத்துக்காக ஒவ்வொரு பெஞ்சின் தலைமாட்டிலும் ஒரு மாதிரிப் பலகை வேண்டும். ஒரே தகட்டில் ஆறு பீடுகள், நீங்களே வேண்டுமென்று கெடுத்துப் போட்டவை: சரியானது; கரண்ட் குறைந்தது (குவிந்து மேலே உட்கார்ந்திருக்கும்); கரண்ட் கூடியது (தட்டையாகி ஓரம் அரித்துத் தெறிப்போடு); ஆர்க் நீண்டது; வேகம் கூடியது (ஒல்லியாக); வேகம் குறைந்தது (தடித்து). பழகுநர் தன் பீடை உங்களிடம் கொண்டுவரும் முன் பலகையோடு வைத்து, "இது மூணாவது மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். வெறுமனே "எப்படி சார் இருக்கு?" என்று கேட்பவரைத் திருப்பி அனுப்பலாம்.

மேற்பரப்பை மட்டும் பார்த்துப் போலச் செய்வதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். கரண்டைக் குறைத்து, கையை அகலமாக ஆட்டி, மீன் செதில் போல அழகாக ஒரு பீடைப் போட்டுவிட முடியும். அடியில் தகடு உருகியே இருக்காது. அனுபவசாலியின் லேசான அசைவைப் பார்த்த பழகுநர் அதைப் பெரிதாக்கிக் கோலம் போடுகிறார். ராடின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகும் ஆட்டம் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம், நேர்க்கோட்டுப் பீடு போதும். அழகு மட்டும் பார்க்கும் கண்ணைத் திருத்த, டி வடிவ இணைப்பை ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் வெல்டு இருக்கும் பக்கமாக மடக்கி உடைத்துக் காட்டுங்கள். உடைந்த வாயில் வேர்வரை உருகியிருக்கிறதா, ஸ்லாக் மாட்டியிருக்கிறதா, காற்றுத் துளை இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். திருச்சி பெல் நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் மாநிலம் இது. பாய்லர் குழாய் வேலைக்குப் போகிறவரின் பீடு எக்ஸ்ரேக்குப் போகும். எக்ஸ்ரேக்கு மீன் செதில் தெரியாது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது உங்களைப் பற்றி. கோபிக்க வேண்டாம்.

2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டிச் சோதனை நடத்தினார்கள். பெட்டிக்குள் பரிசு. மேலே ஒரு துளை, முன்னால் ஒரு வாசல். செய்து காட்டுபவர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார், பிறகு முன் வாசலில் பரிசை எடுப்பார். பெட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, மேல் துளைக்கும் பரிசுக்கும் தொடர்பே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தபோது, சிம்பன்சிகள் பெரும்பாலும் அந்தக் குத்தலை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மூன்று நான்கு வயது மனிதக் குழந்தைகள் தேவையில்லாத குத்தலையும் சேர்த்தே செய்தார்கள். கற்றுத் தருபவர் செய்தால் காரணம் இருக்கும் என்று நம்புகிற இனம் நம்முடையது. காரணம் சொல்லாத செயலை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ராடு தட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி எரிந்து அணைந்த ராடின் நுனியில் மேல்பூச்சு கிண்ணம்போல் நீண்டு, கம்பி உள்ளே மறைந்திருக்கும், ஸ்லாக்கும் மூடியிருக்கும். மறுபடி பற்ற வைக்க அதைத் தகட்டில் இரண்டு தட்டு தட்டி உடைக்கிறீர்கள். சரியான காரியம். பழகுநர் இதைப் பார்த்துப் புது ராடையும் தட்டுகிறார். நுனியில் பூச்சு ஒரு பக்கம் உதிர்கிறது; ஆர்க் ஒரு பக்கமாக இழுக்கிறது; தொடக்கத்திலேயே பீடு கெடுகிறது. அவர் கரண்டைக் கூட்டுகிறார். நீங்கள் அவர் கையைக் குறை சொல்கிறீர்கள். தப்பு உங்கள் இரண்டு தட்டிலிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியாது. "எரிஞ்ச ராடுன்னா தட்டு, புது ராடுன்னா உரசு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இதைவிடக் கனமானது பாதுகாப்புப் பழக்கம். ஒரு டேக், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் பொட்டு வெல்டு, வைக்கத்தானே என்று ஷீல்டு எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைக்கிறீர்கள். ஸ்லாக் தட்டும்போது கண்ணாடி போடுவதில்லை. ஆல்பர்ட் பண்டூரா 1965இல் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். பொம்மையை அடிக்கும் ஒருவரைப் படத்தில் காட்டினார். அவர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் அதிகம் போலச் செய்யவில்லை. ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். அதாவது கற்றுக்கொண்டு உள்ளே வைத்திருந்தார்கள். உங்கள் முன்னால் பழகுநர் ஒழுங்காகக் கண்ணாடி போடுவதை நம்பி இருக்காதீர்கள். நீங்கள் கண்மூடி டேக் வைத்தது அவருக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு கிரில் பட்டறையில், அவசர வேலை நடுவே, அது வெளியே வரும்.

அந்தத் தப்பைக் கண் அப்போதே சொல்லாது என்பதுதான் கொடுமை. ஆர்க் ஒளி பட்ட கண் பல மணி நேரம் கழித்துத்தான் எரியும். மாலையில் பட்டது நள்ளிரவில், கண்ணுக்குள் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி. செய்த உடனே ஒன்றும் ஆகவில்லை என்று கண்டவர் அதை மறுநாளும் செய்வார். ஆகவே இந்த ஒன்றை மட்டும் பட்டறிந்து கற்கட்டும் என்று விட முடியாது. உங்கள் கை எந்த அவசரத்திலும் ஷீல்டைத் தேடிப் போவதை அவர் தினமும் பார்க்க வேண்டும். பற்ற வைக்கும் முன் "மூடு" என்று ஒரே சொல், ஒவ்வொரு தடவையும், எதிரே யாரும் இல்லாவிட்டாலும்.

முதல்வர்களுக்கு எங்கள் பட்டியல் சிறியது: ஆளுக்கொரு ஷீல்டு, முன்கண்ணாடி மாற்ற ஒரு சிறு தொகை, பயிற்சி ராடிலிருந்து கழிக்காமல் செயல்விளக்கத்துக்கென்று தனியாக ராடு ஒதுக்கீடு, பெஞ்சுக்கு ஒரு மாதிரிப் பலகை. பயிற்றுநர் ஏழு தடவை ஒரே பீடைப் போட்டுக் காட்டினால் அவர் நேரத்தை வீணாக்குவதாக எண்ணி வேறு வேலைக்கு இழுக்காதீர்கள்.

பயிற்றுநர்கள் நாளைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். பழகுநர்கள் புது ராடை எடுக்கும் நேரத்தில் ஓரமாக நின்று, எத்தனை பேர் அதைத் தகட்டில் தட்டிவிட்டுத் தொடங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு நீங்கள் அவர்களுக்குச் செய்து காட்டியதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்சியிலும் வெல்டு ஆய்விலும் இருக்கும் சிலர்